மாலத்தீவின் கொல்லைப்புறம்

மாலத்தீவு என்றதும் உங்கள் கண்ணுக்கு எது வரும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிப் பச்சைத் தண்ணீர், அதன்மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரை வீடுகள், படியிலிருந்து நேராகக் கடலில் இறங்கும் புதுமணத் தம்பதி. சினிமாக்காரர்கள் போய்ப் போய்ப் படம் போட்டதில் நமக்கெல்லாம் அது மனப்பாடம். நானும் அப்படி ஒரு ரிசார்ட் தீவில் பல வருஷம் இருந்தவன்தான். ஆனால் அந்தப் பக்கம் அதிகம் நின்றதில்லை. என் இடம் தீவின் நடுவே, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால், விருந்தினர் யாரும் வந்துவிடாதபடி வேலி போட்ட ஒரு தகரக் கொட்டகை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளாண்டும் மூன்று டீசல் ஜெனரேட்டர்களும் அங்கே இருந்தன. தூத்துக்குடியில் ஐ.டி.ஐ. முடித்து, துறைமுகத்தில் கொஞ்ச காலம் மெக்கானிக்காக இருந்துவிட்டு அங்கே போனேன்.

சூழலுக்குக் கேடில்லாத சுற்றுலா என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். பவளப்பாறையை மிதிக்காதீர்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஆமையைத் தொடாதீர்கள். எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் ஒரு தீவு உருப்படுமா என்பது விருந்தினரின் நல்ல மனசை நம்பி இல்லை என்பது கொல்லைப்புறத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் எதில் ஓடுகிறது, சாக்கடை எங்கே போகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள், இதற்கெல்லாம் சட்டம் என்ன, அதைப் பார்க்க ஆள் உண்டா என்பதில்தான் காரியம் இருக்கிறது.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். ஊர் என்று மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 2024-இல் வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லை. ஆறு கிடையாது, மலை கிடையாது, நெல் விளையாது. 1972-இல் சில இத்தாலியப் பயணிகளை நம்பி குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் திறந்தார்கள். அன்றிலிருந்து ‘ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்’ என்ற முறை. கட்டடங்கள் தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, மரங்களின் தலைக்கு மேல் தெரியக்கூடாது என்றும் விதி வைத்தார்கள். இந்த விதிகளை நான் மதிக்கிறேன். கோவளத்தையோ கொடைக்கானலையோ பார்த்தவர்கள் யாரும் மதிப்பார்கள்.

ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மின்வாரியமோ குடிநீர் வாரியமோ அங்கே வராது. எல்லாவற்றையும் அந்த ரிசார்ட்டே செய்துகொள்ள வேண்டும். அரை மைல் நீளமுள்ள ஒரு மணல் திட்டில் ஒரு முழு நகராட்சி.

தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன். கடல்நீரை ஏறத்தாழ 60 மடங்கு காற்றழுத்தத்தில் மெம்பரேன் வழியாகத் தள்ளினால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புக் கூடிய கழிவுத் தண்ணீர். 100 லிட்டர் உள்ளே போனால் 35, 40 லிட்டர்தான் நல்லதாக வரும். புதிய பிளாண்ட் என்றால் 1,000 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3, 4 யூனிட் மின்சாரம்; பழையது என்றால் அதைப்போல் இருமடங்கு. ஒரு லிட்டர் டீசல் ஜெனரேட்டரில் 3 முதல் 4 யூனிட் தரும். ஆக, ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு லிட்டர் டீசல். இப்போது வில்லாவுக்கு வில்லா தனி நீச்சல்குளம் கட்டுகிறார்கள், காலை நீட்டினால் கடல் இருக்கும்போதே! 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இடுப்புக்கு மேல் ஆழம் என்றால் அது 38,000 லிட்டர். நல்ல தண்ணீரால் நிரப்பினால் ஏறத்தாழ 40 லிட்டர் டீசலாவது போகும். வெயிலில் தினமும் வற்றுவதை நிரப்புவது தனி.

கொட்டகையில் உட்கார்ந்தபடியே விருந்தினர் என்ன செய்கிறார்கள் என்று மீட்டரை வைத்துச் சொல்லிவிடலாம். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் லைன் பிரஷர் விழும், எல்லாரும் குளிக்கிறார்கள். பதினொன்றுக்கு லாண்டரி. மதியம் சற்று ஓயும். இரவு சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு மின்சார லோடு சடசடவென்று ஏறும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு, அலைச் சத்தம் கேட்கவேண்டும் என்று கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஹவுஸ் கீப்பிங்கில் இருந்த பங்களாதேஷ் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்வான், “அண்ணே, நாம இந்துமாக் கடலுக்கே ஏ.சி. போடுறோம்.” எங்களோடு இருந்து தமிழ் பழகியவன் அவன்.

அதே அறையில் கட்டில்மேல் ஓர் அட்டை இருக்கும். துண்டை இன்னொரு நாள் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். துண்டு துவைக்கிற தண்ணீர் மிச்சம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய செலவு ஏ.சி., குளம், பஃபேயில் மீந்துபோகும் சாப்பாடு, ஸ்பீட்போட், கடல்விமானம். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து வரும் விமானம். இதற்கு எந்த அட்டையும் எவரும் வைப்பதில்லை. கதவைத் திறந்தால் தானாக ஏ.சி. நிற்கிற சென்சார் விலைக்குக் கிடைக்கிறது. அதைப் பொருத்துகிற முதலாளி, நூறு அட்டை அச்சடிக்கிறவரைவிட மேல் என்பது என் கட்சி.

தண்ணீர் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது 2014 டிசம்பரில் உலகத்துக்கே தெரிந்தது. தலைநகர் மாலேயில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது. முன்பெல்லாம் அந்தத் தீவுகளில் கிணறு இருந்தது. மணலுக்கு அடியில், உப்புத்தண்ணீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலமாக மழைநீர் நிற்கும். பத்துக் குடும்பம் இறைத்தால் அது தாங்கும். அதிகம் இறைத்தாலும், மலக்குழி கசிந்தாலும் போச்சு. பல ஊர்களில் இன்று அது குடிக்க ஆகாது.

குப்பைக்கு வருகிறேன். மாலேக்கு மேற்கே சில கிலோமீட்டரில் திலஃபுஷி இருக்கிறது. அது இயற்கைத் தீவு அல்ல. ஆழமில்லாத ஒரு காயலில் 1992 முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கியது. ரிசார்ட்டுகளிலிருந்தும் மாலேயிலிருந்தும் படகுப் படகாகப் போகும். நான் அங்கே இருந்த காலத்தில் விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் கிளம்பினால் அடிவானத்தில் ஒரு சாம்பல் புகை நிற்கும். புது விருந்தினர் சிலர் கேட்பார்கள், தொழிற்சாலையா என்று. போட் ஓட்டுகிற மாலத்தீவுக்காரர், தலையில் நரை கண்ட பெரியவர், பேச்சை மாற்றி வேறு பக்கம் டால்ஃபின் தேடச் சொல்வார். திறந்தவெளியில் எரிப்பதை 2021-இல்தான் நிறுத்தினார்கள். முப்பது வருஷப் புகை அது.

ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றும் எரிகலனும், பாட்டில் நொறுக்கும் இயந்திரமும், டப்பா அமுக்கும் இயந்திரமும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வைத்திருப்பார்கள். ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. எரிகலனுக்கும் டீசல் வேண்டும்; மேலாளர் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் நிற்பது அதுதான். உணவுக் கழிவை இரவில் படகில் ஏற்றி ஆழ்கடலில் தட்டிவிட்டு வருவது ஒரு காலத்தில் சாதாரணம். நல்லவர்களும் உண்டு. பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் இருக்கும் சொனேவா ஃபுஷி ரிசார்ட் 2008-லேயே பாட்டில் தண்ணீர் வாங்குவதை நிறுத்தி, தீவிலேயே சுத்திகரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பித் தர ஆரம்பித்தது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆர்.ஓ. பிளாண்ட் எல்லாத் தீவிலும் இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலும் கழுவும் மெஷினும் போதும். நாங்கள் தயாரித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே நான் கப்பலில் வந்த பிளாஸ்டிக் பாட்டில் பெட்டிகளை எண்ணியிருக்கிறேன்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். வெங்காயம், தக்காளி, முட்டை, பருப்பு எல்லாம் இறக்குமதி. தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேக்குச் சரக்கு ஏற்றிப் போனவை. 2020-இல் தூத்துக்குடியிலிருந்து நேரடிச் சரக்குக் கப்பலும் தொடங்கினார்கள். கட்டட மணலும் நம்மிடமிருந்துதான். இரு நாட்டு ஏற்பாட்டின்படி இந்தியா ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவு வைத்து ஆற்றுமணலும் ஜல்லியும் அனுப்புகிறது. அவர்கள் பவளத்தை வெட்டாமல் இருக்க வேண்டும், சரி. நம் ஆற்றை யார் கேட்பது? ஒரு தீவின் பசுமைக் கணக்கை அந்தத் தீவோடு முடித்துக்கொண்டால் இப்படித்தான் மிச்சம் வேறு ஊரில் போய் விழும்.

மணல் என்றதும் நிற்கிறேன், ஏனென்றால் அங்கே நடக்கிற கூத்துகளில் பெரிய கூத்து மணல் கூத்துதான். அந்த வெண்மணல் பாறை உடைந்து வந்ததல்ல. கிளிமீன்கள் பவளப்பாறையின் பாசியைச் சுரண்டித் தின்னும்போது பாறையையும் சேர்த்து விழுங்குகின்றன. அரைத்து வெளியே தள்ளுகின்றன. மணலில் பெரும்பங்கு அந்தக் கழிவு. இந்த மணல் ஒரே இடத்தில் கிடக்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் தீவின் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் சேரும். வடகிழக்குக் காற்று வந்தால் திரும்பி வரும். மாலத்தீவு மக்களுக்கு இது தெரியும். அதனால் பழைய ஊர்களில் வீட்டைக் கரையை ஒட்டிக் கட்டமாட்டார்கள். ரிசார்ட்டுக்காரருக்கோ பன்னிரண்டு மாதமும் எல்லா வில்லாவுக்கு முன்னாலும் மணல் வேண்டும். படத்தில் காட்டிவிட்டாரே! அதனால் மணல் பம்ப் வைத்து உறிஞ்சிக் கொட்டுவார்கள். கல் அணை போடுவார்கள். அணை போட்ட இடத்துக்கு அடுத்த இடத்தில் கரை அரிக்கும்; அங்கே இன்னொரு அணை. பம்ப் ஓடுகிற நாள்களில் காயல் முழுக்கக் கலங்கல். அந்தத் தூசி பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சடைக்க வைக்கும்.

கடற்புல்லுக்கும் இதே கதி. கரையோரம் பச்சைத் திட்டாக அது இருந்தால் விருந்தினர் அழுக்கு என்று நினைக்கிறார்களாம். ஆளை விட்டுப் பிடுங்கி எறிந்த இடங்கள் உண்டு. ஆமைக்கு மேய்ச்சல், மீன்குஞ்சுக்குத் தொட்டில், மணலைப் பிடித்து வைக்கும் வேர் எல்லாம் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு மணல் போகிறதே என்று பம்ப் வாங்குகிறார்கள். 2019-இல் இதற்கு எதிராக ஓர் இயக்கம் நடந்து, முப்பதுக்கு மேற்பட்ட ரிசார்ட்டுகள் கடற்புல்லைக் காப்போம் என்று உறுதி கொடுத்தன. நல்ல சேதி.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவும் கரைந்துகொண்டே வந்து, அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கித் தாங்கிப்பிடிக்க வேண்டியதாயிற்று. மாலேக்காரர்களும் பவளத்தை வெட்டித்தான் வீடு கட்டினார்கள், கரையைத் தூர்த்தார்கள். 1987-இல் பேரலை உள்ளே வந்து ஊரைக் கலக்கியபோது, முன்பு அலையை உடைத்துத் தந்த பவளப்பாறை பலவீனப்பட்டிருந்தது. பிறகு ஜப்பான் உதவியில் நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக் கடற்சுவர் கட்டினார்கள். பவளம் சும்மா செய்துவந்த வேலைக்குக் கோடிக்கணக்கில் செலவு.

அந்தப் பவளத்துக்கு வெளியிலிருந்தும் அடி. 1998-இல் கடல் சூடேறி, ஆழம் குறைந்த பல இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு பவளம் வெளுத்துச் செத்தது. மெல்ல மெல்லத் தேறி வந்ததை 2016 மறுபடியும் அடித்தது. இந்தச் சூட்டை ஒரு ரிசார்ட்டோ மாலத்தீவு அரசோ தடுக்க முடியாது. ஆனால் தெளிந்த தண்ணீரில் இருக்கும் பவளம், கலங்கலிலும் சாக்கடையிலும் இருக்கும் பவளத்தைவிட நன்றாகத் தேறும். கொல்லைப்புறம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

எது பலித்தது என்றும் சொல்ல வேண்டும். சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது என்ற இரண்டு மீன்வள ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு சாம்பல் பார்ச்சுறாவைப் பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது 32 டாலர், ஒரே ஒரு தடவை. அதே சுறா உயிரோடு இருந்தால், அதைப் பார்க்க முக்குளிப்பவர்கள் வழியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3,300 டாலர். கணக்கு புரிந்த பிறகும் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2010-இல் சுறா பிடிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்தார்கள். இன்று மாலே துறைமுகத்துப் பக்கத்திலேயே சுறா நீந்துவதைப் பார்க்கலாம். பிழைப்பை இழந்த சுறா மீனவர்களின் மனத்தாங்கல் தனிக்கதை. சூரை மீன்பிடியும் பலித்த கதைதான்; மாலத்தீவு மீனவர்கள் அதற்கு வலை போடுவதில்லை. தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். நம் சமையலில் மணக்கிற மாசிக் கருவாடு அந்தச் சூரைதான். ஆமையும் டால்ஃபினும் வலையில் சாகாத மீன்பிடி அது.

இன்னொன்று ஹனிஃபாரு. பா அட்டோலில் ஒரு சிறிய காயல், புனல் வடிவம். தென்மேற்குக் காற்று காலத்தில் நீரோட்டம் மிதவை உயிர்களை உள்ளே தள்ளி அடைக்கும். அவற்றைத் தின்ன மாண்டா என்கிற பெரிய திருக்கைகள் சில நாளில் நூற்றுக்கு மேல் கூடும். சேதி பரவியதும் படகுகள் மொய்க்க ஆரம்பித்தன. 2009-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். 2011-இல் பா அட்டோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. சிலிண்டர் கட்டிக்கொண்டு முக்குளிக்கத் தடை. மேலே மிதந்து பார்க்கலாம். ஒரே நேரத்தில் 80 பேர், 45 நிமிடம், உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம், கட்டணம் பாதுகாப்பு நிதிக்கு. ரேஞ்சர்கள் படகில் நின்று பார்க்கிறார்கள். எங்கள் விருந்தினர் ஒருவர், பெரிய பணக்காரர், இன்னும் பத்து நிமிடத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்றாராம். கிடையாது என்று படகில் ஏற்றிவிட்டார்கள். இதைக் கேட்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

தென் அரி அட்டோலுக்கு வாருங்கள். அங்கே வருஷம் முழுக்கத் திமிங்கலச் சுறா தென்படும். 1995 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிர். அந்தக் கடற்பகுதியும் 2009 முதல் பாதுகாக்கப்பட்டது. படகு மெதுவாகப் போகவேண்டும், ஆட்கள் விலகி நிற்கவேண்டும் என்று விதியும் உண்டு. ஆனால் ஒரு சுறா தென்பட்டால் வயர்லெஸ்ஸில் சொல்லி எல்லாப் படகும் ஓடி வருகிறது. ஒரே சுறாவின் தலைக்குமேல் கூட்டமாகக் குதிக்கிறார்கள். அங்கே திரியும் சுறாக்களில் பலவற்றின் முதுகில் படகு கிழித்த தழும்பு. ஹனிஃபாருவிலும் விதி, இங்கேயும் விதி. அங்கே பார்க்க ஆள் நிற்கிறான்; இங்கே அந்த அளவுக்கு இல்லை.

ரிசார்ட்டை விட்டு ஊர்த் தீவுகளுக்குப் போனால் கதை வேறு. 1984-க்குப் பிறகு வெளிநாட்டார் ஊர்த் தீவுகளில் தங்கத் தடை இருந்தது. 2009-இல் அது போய், மறு ஆண்டே மாஃபுஷி என்ற தீவில் கெஸ்ட் ஹவுஸ் முளைத்தது. ரிசார்ட் லாபம் பெரும்பாலும் மாலேயின் சில குடும்பங்களுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் போனது. கெஸ்ட் ஹவுஸ் வந்ததும் மீனவர் மகன் ஆறு அறை கட்டி முதலாளி ஆனான். பொறுப்பான சுற்றுலா என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் மாஃபுஷி ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், கால் கிலோமீட்டர் அகலம். அதில் சிறைச்சாலையும் உண்டு! இருக்கிற இடத்தில் மாடிமேல் மாடியாக ஏறிவிட்டது. ரிசார்ட்டுக்கு மரத்தலை உயரம் என்று விதி வைத்தவர்கள் ஊருக்கு அப்படி வைக்கவில்லை. அறைகள் வேகமாக வந்தன. சாக்கடையும் குப்பைக் கிடங்கும் பின்னால் மூச்சிரைத்து வந்தன.

உகுல்ஹாஸ் வேறு மாதிரி. அதுவும் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஊர்தான். அங்கே கவுன்சிலே குப்பை எடுக்கிறது. வீட்டுக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் கட்டணம், பிரித்துக் கொடுக்க வேண்டும், இலைதழை உரமாகிறது. கடற்கரையில் கக்கூஸ் நாற்றமும் டப்பாக் குவியலும் கண்ட மாலத்தீவுக்காரர்களுக்கு அந்த ஊர் ஒரு முன்மாதிரி ஆனது. தெருவைப் பெருக்குகிற ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் போனால் மற்றதெல்லாம் வருகிறது.

பணம் இல்லாமல் இல்லை. 2015 நவம்பரிலிருந்து ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவரும் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி கட்டினார்கள். 2016 முதல் கெஸ்ட் ஹவுஸுக்கு 3 டாலர். 2025 ஜனவரியில் இரண்டையும் இரட்டிப்பாக்கி 12, 6 என்று வைத்துவிட்டார்கள். 20 லட்சம் பேர் வரும் நாட்டில் இது சின்னத் தொகை அல்ல. ஊர்த் தீவுகளின் குடிநீர், சாக்கடை, குப்பை வேலைகளுக்கு இந்த நிதி என்று பேச்சு. கட்டுகிற விருந்தினர்கள் அது எங்கே போயிற்று என்று ஒரு கடிதமாவது போட்டால் நன்றாக இருக்கும். பலாவு என்ற பசிபிக் தீவு நாட்டில் 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள், இந்தத் தீவுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று. அழகான யோசனைதான். கையெழுத்தையும் ரசீதையும் எதிரே வைத்தால் நான் ரசீதை எடுப்பேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட முடியாது. 2009-இல் அதிபர் முகமது நஷீத் அமைச்சர்களோடு கடலுக்கடியில் மேசை போட்டுக் கூட்டம் நடத்தி, எங்கள் நாடு மூழ்குகிறது என்று உலகத்திடம் சொன்னார். துணிச்சலான காரியம். அதே நாட்டில் அவருக்கு முன்னும் பின்னும் வந்த அரசுகள் எல்லாம் காயலைத் தோண்டி நிலம் எடுப்பதை விடவில்லை. மாலேக்குப் பக்கத்தில் குல்ஹிஃபல்ஹுவில் தோண்டினார்கள். தெற்கே அட்டூ அட்டோல் 2020-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. சில வருஷத்துக்குள் அங்கேயும் கப்பல் கப்பலாக மணலை உறிஞ்சிப் புது நிலம் உண்டாக்கினார்கள், ரிசார்ட் மனை உட்பட. அந்தத் திட்டத்துக்குக் கடன் நம் எக்ஸிம் வங்கியினுடையது. ஊருக்கு இடம் வேண்டும், நெருக்கடி நிஜம், மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர் துண்டைத் துவைக்காமல் மிச்சம் பிடித்ததை எல்லாம் அந்த மணல் கப்பல் ஒரு காலைப்பொழுதில் தின்றுவிடும்.

சென்னையிலிருந்து மாலே கிட்டத்தில் வந்துவிட்டது. விசா தொல்லையும் இல்லை. நம் ஆட்கள் நிறையப் போகிறார்கள், போகட்டும். பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குடிதண்ணீர் கண்ணாடிப் பாட்டிலிலா? கழிவுநீர் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் போகிறதா, குழாய் வழியாகக் கடலுக்கா? குப்பை எங்கே போகிறது? கூரையில் சூரியத் தகடு உண்டா? கடற்புல்லை விட்டு வைத்திருக்கிறீர்களா? நல்ல இடத்தில் பொறியாளரே பதில் எழுதுவார், கொல்லைப்புறத்தைச் சுற்றிக் காட்டவும் கூப்பிடுவார். சில தீவுகளில் அதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். முடிந்தால் நாலு நாள் ஊர்த் தீவில் தங்குங்கள். அது முஸ்லிம் ஊர். தெருவில் உடம்பு மறைய உடுத்துங்கள், நீச்சலுடைக்கு என்று தனிக் கடற்கரை வைத்திருப்பார்கள், மது கிடைக்காது. சங்கும் பவளத் துண்டும் பொறுக்கி வராதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கொண்டுபோன பேட்டரியையும் ஷாம்பு டப்பாவையும் திருப்பி எடுத்து வாருங்கள். அங்கே அதற்கு இடமில்லை, இங்கே ஏதோ இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கடற்கரைப் படம் போட்ட விளம்பரத்தை அனுப்புகிற ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.